எந்த அம்புறோஸ்

மண்டைதீவு
ஆவணி, 1971

சேசு மரி சூசை.

பேசாலையில் இருக்கும் தம்பி அம்புறோசுக்கு, கிறிஸ்தோப்பரின் தாய் அல்போன்சம்மா எழுதுவது. உம்முடைய சுகத்துக்கு மாதாவை மன்றாடுகிறேன். எங்கட சுகத்துக்கு வழக்கமான பொய்யை எழுத மனம் வரேல்லை.

நீர் போனநாள் தொட்டு அவனுக்குக் கசிப்புச் சாராயத்தோடதான் சீவியம். அதுவும் காணாதெண்டு நித்திரைக் குளிசையும் போடுறான். படுத்தால் மூச்சு வருதோ எண்டு பயத்தில மூக்கடியில கை வைச்சுப் பாக்கிறன். "கையை எடணை, மூச்சுமுட்டிச் சாகப்போறன்" எண்டு கத்துறான். கண்ணெல்லாம் மஞ்சள். அவன்ர தேப்பனும் குடிச்சு மஞ்சளிச்சுத்தான் தையில செத்தவர், என்ர துக்கச்சீலை இன்னும் கழட்டேல்லை. டொக்டர் ஈரலை அமத்திப் பாத்திட்டு, "இனியும் குடிச்சால் என்னட்டைக் கொண்டு வராதையுங்கோ, சுவாமியாரட்டைக் கொண்டுபோங்கோ" எண்டார்.

போன கிழமை காய்ச்சலில "அம்புறோசு, அம்புறோசு" எண்டு புலம்பினான். பக்கத்துவீட்டு ஜசிந்தா கேட்டிட்டு, "பாரணை, பொடியன் அர்ச்சிஷ்ட அம்புறோசியாரைக் கூப்பிடுறான்!" எண்டு ஊர்ப் பொம்பிளையளை எல்லாம் கூட்டிவந்து முழந்தாளில விட்டாள். அவன் "அம்புறோசு, நீ ஒரு நாயடா!" எண்டான். "காய்ச்சல் பேச்சு, புனிதர் கோவிக்கமாட்டார்" எண்டாள். எல்லாரும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" எண்ண, நானும் உம்மை நினைச்சு அதைத்தான் சொன்னன்.

ஒரு தோணியில போய் ஒரு பாயில படுத்த உங்களை ஊர் கூட்டாளிமார் எண்டுது. பெத்தவளுக்குத் தெரியும், தம்பி. குடியை விடு இல்லாட்டிப் போறன் எண்டு நீர் சொல்ல, போடா எண்டவன் அவன்தான். உம்மில பிழையில்லை. எண்டாலும் ஒரு உதவி. நீர் அங்கை கலியாணம் முடிக்கப்போறதெண்டு பொய்யா ஒரு கடிதம் போடும். இந்தப் பக்கமே வரவேண்டாம். உம்மை மறந்தானெண்டால் குடியை விடுவான். மாக்கிறேற்றின்ர மகளையும் அவனுக்குப் பேசி வைச்சிருக்கிறன்.

கடலிலயும் கரையிலயும் உம்மை மாதா காக்க.

இப்படிக்கு,
அல்போன்சம்மா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கமுதல் கஞ்சி குடுக்கப் போனன். "அவனை மறந்துவிடு ராசா" எண்டன். "மறக்கத்தானணை குடிக்கிறன்" எண்டான். மறந்து முடியிறதுக்குள்ள பிள்ளை செத்துப்போவான். மேல எழுதினதொண்டையும் செய்யாதையும். மாக்கிறேற்றுக்கு நான் மறுமொழி சொல்லுறன். நீர் உடன வாரும். அந்தப் போத்திலை அவன்ர கையிலயிருந்து பறிக்க என்னால ஏலாது.