ரோட்டைத் தாண்டக் கூடாத கரண்ட்

"நம்ம லோரோங்குக்கு, இந்தத் தெரு முழுசுக்கும், நாமே கரண்ட் செய்யப் போறோம்!" என்று கமலநாதன் முழங்கியபோது அவர் மனைவி மாதவி உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"ஊருக்கே பவரா? வீட்ல உங்களுக்கு எவ்ளோ பவர்னு எனக்குத்தான் தெரியும்."

வேறு நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார். ஆனால் முந்தின வாரம் கிள்ளானில் அடித்த மழையில் அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்கக் கரண்ட் போயிருந்தது. எதிர்வீட்டு பாலன், அவருடைய நாற்பது வருஷ சினேகிதர், நுரையீரல் கெட்டு ஆக்ஸிஜன் மெஷினை நம்பி மூச்சு விடுபவர். மெஷின் நின்றது. மாற்று சிலிண்டரும் காலி. பாலனின் மனைவி இராஜம்மா பழைய பேப்பரால் விசிற, கமலநாதன் சினேகிதரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதோ வந்துடும்டா, வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கரண்ட் வரவில்லை. ஆம்புலன்ஸ்தான் வந்தது. பாலன் பிழைத்தார். பொய் சொன்ன வாய்தான் கமலநாதனுக்குக் கசந்துகொண்டே இருந்தது.

அதனால் தன் கூரையில் சோலார் தகடு, வாசலில் பேட்டரி, அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் வயர் என்று திட்டம் போட்டார். மீட்டிங் கூட்டினார். லோரோங்கே வந்தது, மாதவியின் வடைக்காக.

"என் ஏர்கான் ஓடுமா?" என்றாள் கோடிவீட்டு ரமணி.

"லைட், ஃபேன், பாலன் மெஷின். அவ்ளோதான்."

"அப்புறம் எதுக்கு லா மீட்டிங்?"

வடை தீர்ந்தது. மீட்டிங்கும் தீர்ந்தது.

அனுமதி வாங்கி, தகடு ஏற்றி, பேட்டரியும் வைத்தாயிற்று. சோதித்துப் பார்க்க வந்த அதிகாரி வாணி பொறுமையான பெண்.

"உங்க கூரை, உங்க வீடு. பிரச்சினை இல்ல அங்கிள். ரோட்டைத் தாண்டி இன்னொரு வீட்டுக்கு வயர் இழுத்தா அது விநியோகம். லைசன்ஸ் வேணும்."

"லைசன்ஸ்ல கொஞ்சம் 'சென்ஸ்' வேணாமா? ஒரு மனுஷன் மூச்சு விடக் கேக்குறேன்!"

"புரியுது. ஆனா அந்த வயர் மழைல அறுந்து விழுந்து யாராச்சும் மிதிச்சா?"

கமலநாதன் தலையாட்டி அவளை வழியனுப்பினார். பிடிவாதம் மட்டும் போகவில்லை. மறுநாள் ரோட்டுக்குக் குறுக்கே வயரைக் கட்டி, துணிக்கொடி போலத் தெரிய அதன்மேல் தன் இடுப்புச் சாரத்தைத் தொங்கவிட்டார்.

"என்னங்க இது?"

"துணி காயுது."

"சரி. கொடி எதுக்கு பேட்டரிக்குள்ள போவுது?"

மாதவி வயரைச் சுருட்டினாள். "வயர்தான ரோட்டைத் தாண்டக் கூடாது? ஆள் தாண்டலாம்ல?"

சாயங்காலத்துக்குள் பாலனும் மெஷினும் கமலநாதனின் அறையில். கமலநாதனும் தலையணையும் ஹாலில்.

அடுத்த மழையில் தாமான் இருண்டபோது அந்த வீட்டில் மட்டும் லைட் எரிந்தது. "இங்க கரண்ட் போவாதுடா" என்றார் கமலநாதன். பாலன் மூக்கில் மாட்டிய குழாயோடு மெல்லச் சிரித்தார். "கமலா, இந்தத் தடவ நீ பொய் சொல்லலடா."

ஆனால் நோய்க்கு லைசன்ஸ் தேவைப்படவில்லை. நல்ல வெயில் அடித்த ஒரு மத்தியானம். பேட்டரி நிறைந்திருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாலன்தான் நின்றுவிட்டார். கமலநாதனுக்கு மெஷினை அணைக்கக் கை வரவில்லை. இராஜம்மாதான் அணைத்தாள். அந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை. பின்கட்டுக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதார்.

கருமாதி முடிந்ததும் மாதவியிடம் சொன்னார்: "போதும். இனி லைசன்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். பேட்டரிய வித்துடலாம். யாருக்காகச் செஞ்சேனோ அவனே இல்ல."

வாதாடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

"உங்க இஷ்டம். வாசல்ல வந்திருக்கவங்ககிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க."

கதவைத் திறந்தார். லோரோங்கே நின்றது. இந்த முறை வடை வாசனைகூட இல்லை. ரமணி முகம் கவிழ்ந்து நின்றாள். எல்லோருக்கும் முன்னால் வெள்ளைப் புடவையில் இராஜம்மா.

"மாதவி சொல்லுச்சு அண்ணே. இன்னொரு வீட்ல இப்படி நடக்கக் கூடாது, லோரோங்குக்கே வயர் இழுக்க லைசன்ஸ் வாங்காம விட மாட்டேன்னு அவர் தலைமாட்டுல நின்னு சத்தியம் பண்ணீங்களாமே. நாங்க எல்லாரும் சேந்துக்கறோம்."

கமலநாதன் திரும்பிப் பார்த்தார். மாதவி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா," என்றார் அவர், தான் செய்த சத்தியத்தை அப்போதுதான் கேள்விப்பட்டவராக.