பத்துக்கு ஏழு

கையில் சிவப்புப் பேனா இருந்தால் எனக்குக் கண் தெரியாது. பதினாறு வருடமாக அறிவியல் ஆசிரியை. மளிகைச் சீட்டைக்கூட டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுத்தான் கணவரிடம் நீட்டுவேன். (அவரும் மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்.)

நாலு வருடத்துக்கு முன் பெரம்பலூரில் இரண்டு நாள் பயிற்சி. வளரும் பிள்ளைகளின் மனதை எப்படிப் புரிந்துகொள்வது, கூட்டாளிகள் உசுப்பேற்றினால் மறுப்பதற்கு எப்படிப் பழக்குவது என்றெல்லாம் சொல்லித்தந்தார்கள். ‘கேளுங்க, தீர்ப்பு சொல்லாதீங்க’ என்பதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். (சிவப்பில்தான்.) அரியலூர் பஸ்ஸில் திரும்பும்போது, பிள்ளைகளின் மனதை அறிந்த ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்பு வந்துவிட்டது.

விக்கிரமங்கலம் பக்கத்தில் எங்கள் பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்குப் போய், மனதை அரிப்பதைப் பேர் போடாமல் எழுதச் சொன்னேன். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது எனச் சத்தியமும் செய்தேன். நம்பி எழுதினார்கள், பாவம்.

சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோர சீட். மடியில் தாள்கள், கையில் பேனா. அப்புறம் நடந்ததை என் கைதான் செய்தது. டிக், பத்துக்கு எட்டு, பத்துக்கு ஆறு, கையெழுத்து, தேதி. அரியலூர் வருவதற்குள் ஒரு வகுப்பின் துக்கம் மொத்தத்தையும் திருத்தி முடித்துவிட்டேன். ஒன்றைக்கூடப் படித்த ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் தாள்களை வகுப்பு லீடர் தமிழரசியிடம் கொடுத்து, எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னேன். பேர் இல்லாவிட்டால் என்ன, அத்தனை பேர் கையெழுத்தும் அவளுக்கு அத்துப்படி. நான் வருகைப் பதிவேட்டிலிருந்து தலை நிமிர்வதற்குள் பட்டுவாடா முடிந்துவிட்டது. கடைசி பெஞ்சில் சிரிப்பு. அங்கே உட்காரும் முகிலனின் தாள் அவன் கைக்குப் போகும் வழியில், அவனுடைய கூட்டாளிகள் நாலு பேர் கையிலும் நின்றுவிட்டுப் போயிருந்தது.

முகிலன் எழுந்து வந்து தாளை மேசைமேல் வைத்தான். அப்போதுதான் படித்தேன். சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பழைய குழியில் தண்ணீர் நிற்கிறது. வெள்ளிக்கிழமை கூட்டாளிகள் எல்லோரும் அதில் குதிக்கப் போகிறார்கள். தனக்கு நீச்சல் தெரியாது. வரவில்லை என்றால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பயமாக இருக்கிறது. கீழே சிவப்பில் என் எழுத்து: ‘7/10. இன்னும் முயற்சி தேவை.’

“மீதி மூணு மார்க்குக்கு என்ன எழுதணும் மிஸ்?”

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

தாளோடு ஹெச்.எம். அறைக்கு ஓடினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, மார்க்கும் போட்டு கையெழுத்து வேற போட்டிருக்கீங்களே” என்றார். பெற்றோர்கள் வந்தார்கள், நாலு பேருக்கும் அடி விழுந்தது, யாரும் குழிப் பக்கம் போகவில்லை. உயிர் தப்பியதே என்று தேற்றிக்கொள்ளலாம். ஆனால் காட்டிக்கொடுத்தவன் என்று அந்த வருடம் முழுக்க முகிலனோடு ஒருவரும் பேசவில்லை. முதல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பான். மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மிஸ்” என்று என்னைத் தேற்றினான்.

எங்கள் வீட்டில் இது இன்றும் ஓடுகிற நகைச்சுவை. காபி எப்படி என்றால் கணவர் “ஏழு” என்பார்.

போன மாதம், இப்போது ஒன்பதாவது படிக்கும் என் மகள் அழுத கண்ணோடு பள்ளியிலிருந்து வந்தாள். என்னடி ஆச்சு என்றேன்.

“சொன்னா எத்தன மார்க் போடுவ?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் முகத்தைப் பார்க்காத கணவர் ஹாலில் விழுந்து விழுந்து சிரித்தார். பழக்கத்தில் நானும் சிரித்துவிட்டேன். அவள் எதற்கு அழுதாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.