கடலெல்லை மீட்பில் ஆறெழுத்து நிட்ஸின் பங்கு

இந்து மாக்கடலின் பாதுகாப்பு திருப்பூரின் மண்ணரைப் பகுதியிலிருந்துதான் கவனிக்கப்பட்டு வருகிறது என்னும் உண்மை தில்லிக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் கொஞ்சம் வெட்கப்படுவார்கள். மண்ணரையில் கடல் இல்லை. பக்கத்தில் ஓடும் நொய்யலும் தண்ணீர் விஷயத்தில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் கடற்படையை நடத்தக் கடல் வேண்டும் என்று நினைப்பவர்கள் சாதாரண மனிதர்கள். 'ஆறெழுத்து நிட்ஸ்' பனியன் கம்பெனி முதலாளி தீனதயாளன் சாதாரண மனிதர் அல்லர்.

விவகாரம் ஒரு மணல் திட்டில் தொடங்கியது. கடல் உள்வாங்கினால் அந்தத் திட்டு தெரியும், ஏறினால் மறையும். தெரியும்போது அது இரண்டு நாடுகளுக்கும் சொந்தம், மறைந்த பிறகு மீன்களுக்குச் சொந்தம். அந்தப் பக்கம் ரோந்து போன நம் கடற்படைப் படகையும் அதிலிருந்த ஆறு வீரர்களையும் அண்டை நாட்டுக் கடற்படை பிடித்து வைத்துக்கொண்டது. "எல்லை தாண்டி வந்தார்கள்" என்றது அண்டை நாடு. எங்கள் ஆட்கள் நின்ற இடத்தில்தான் நின்றார்கள், எல்லைதான் நகர்ந்துவிட்டது என்னும் பொருள்படப் பதில் சொன்னது நம் தரப்பு. முதலில் இரண்டு நாடுகளும் 'கவலை' தெரிவித்தன. பிறகு 'ஆழ்ந்த கவலை'. அதன் பிறகு 'மிக ஆழ்ந்த கவலை'. அந்தத் திட்டைச் சுற்றிக் கடல் இடுப்பளவுதான். கவலை அதைவிட ஆழமாகப் போய்விட்டது.

செய்தி வந்த அன்றே தீனதயாளன் தம் அலுவலகத்தின் ஏசி அறையில் 'கடலெல்லை மீட்புக்கான பின்னலாடையாளர் பேரவை'யைத் தொடங்கி, ஒருமனதாகத் தம்மையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார். செயலாளர் பதவி, பக்கத்துத் தெருவில் காஜா பட்டன் யூனிட் வைத்திருக்கும் சென்னிமலைக்குக் கிடைத்தது. அவரிடம்தான் மைக் செட் இருந்தது.

"மொதத் தீர்மானமுங்க," என்றார் தீனதயாளன், எழுந்து நின்று. "அந்த நாட்டுச் சாமான் எதையும் இனி நாம வாங்கறதில்லை. முழுப் புறக்கணிப்பு."

கை தட்டினார்கள். தட்டி முடித்தபின் சென்னிமலை மெதுவாகக் கேட்டார்:

"ஏனுங்க, அவங்ககிட்ட நாம என்னங்க வாங்கறோம்?"

யாரோ ஏசியைக் குறைத்தார்கள். வெகு நேர ஆராய்ச்சிக்குப் பின், சூப்பர் மார்க்கெட்டில் ஒரு தேங்காய் பிஸ்கட் அங்கிருந்து வருவதாக ஒருவர் சொன்னார். மேஜை மேல் டீயோடு இருந்ததும் அதே பிஸ்கட்தான். மீதமிருந்ததைச் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டுப் புறக்கணிப்பைத் தொடங்குவது என்று முடிவாயிற்று. கையில் இருக்கும் சரக்கை வீணாக்கினால் நஷ்டம் நமக்குத்தானே தவிர எதிரிக்கு அல்ல.

பேரவையின் அதிர்ஷ்டம், பிடிபட்ட ஆறு பேரில் ஒருவனான ராயப்பனின் அக்கா ரோஸ்மேரி, தீனதயாளன் கம்பெனியிலேயே செக்கிங் டேபிளில் வேலை பார்த்தாள். தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர். தாய் தகப்பன் இல்லை. ஓவர்டைம் பார்த்துத் தம்பியைப் படிக்க வைத்து, அவன் வெள்ளைச் சீருடையில் எடுத்துக்கொண்ட படத்தை டேபிள் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தாள். டேபிளில் சொந்தப் படம் ஒட்டக் கூடாது என்று அதைக் கிழிக்கச் சொன்ன சூப்பர்வைசரே இப்போது அதற்குச் செவ்வந்தி மாலை வாங்கி வந்தார். மாலை போடுவது உயிரோடு இருப்பவர் படத்துக்கு ஆகாது என்று ரோஸ்மேரி தடுத்தபோது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கண்டனக் கூட்டத்தில் 'வீரனின் அக்கா' என்று அவளை மேடை ஏற்றினார்கள். அரை நாள் பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறினாள். சால்வை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள்.

"எந்தம்பிய எப்ப விடுவாவன்னு யாராச்சும் கேட்டுச் சொல்லுதியளா?" என்றாள் ரோஸ்மேரி.

கரகோஷம் அடங்கச் சற்று நேரமாயிற்று. "சின்னப் பேச்சுன்னாலும் என்ன வீரமுங்க!" என்று சென்னிமலை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரலில் அது இல்லை.

இப்படி மீட்புப் பணி சிறப்பாக நடந்துகொண்டிருந்தபோதுதான் அண்டை நாடு அந்த வீடியோவை வெளியிட்டது.

கைதிகளை நன்றாக நடத்துகிறோம் என்று உலகத்துக்குக் காட்ட எடுத்த படம். நீண்ட பெஞ்சில் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கையில் டீ கிளாஸ். உடம்பில் புத்தம் புதிய சாம்பல் நிற டி-ஷர்ட். கம்பெனி கேன்டீன் டிவியில் டீ நேரத்தில் அதைப் போட்டார்கள்.

மற்ற ஊர்களில் மக்கள் அந்த ஆறு பேரின் முகத்தைப் பார்த்திருப்பார்கள். திருப்பூருக்கு அந்தப் பலவீனம் கிடையாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சட்டை ஓரத்தைத் திருப்பித் தையல் பார்த்துவிட்டுத்தான் இங்கே மொய் எழுதுவார்கள்.

"கழுத்துப் பட்டி ரிப் நல்லா உக்காந்திருக்குது" என்றார் கட்டிங் மாஸ்டர் சுப்பையன்.

"கலர் அச்சா ஹை" என்றார்கள் வடக்கிலிருந்து வந்த பையன்கள்.

"சைடு தையல் கொஞ்சமும் திரும்பல பாத்தீங்ளா? யாரு பண்ணுன பீஸுன்னு தெரியல, நல்ல கம்பெனி," என்றார் தீனதயாளன். எதிரியிடமும் தரத்தைப் பாராட்டும் பெருந்தன்மை அவருக்கு உண்டு.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிவிக்கு அடியில் போய் நின்றவள் ரோஸ்மேரி மட்டும்தான்.

"சார், எந்தம்பி மூஞ்சி வீங்கியிருக்கு சார்."

"எதும்மா உந்தம்பி?"

"ரெண்டாவது ஆளு சார். எடது கண்ணப் பாருங்க."

தீனதயாளன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூர்ந்து பார்த்தார். "ஆமாமா. ஷோல்டர் எறங்குது. அவனுக்கு சைஸ் பெருசு."

அப்போது கேமரா பெஞ்சின் பின்பக்கம் போனது. ஆறு பேரின் பிடரியும் வரிசையாகத் தெரிந்தது. ஒவ்வொரு பிடரிக்குக் கீழும், பின் கழுத்துப் பட்டியில், மயில் பச்சையில் குட்டையாக ஒரு தையல்.

கேன்டீனில் டீ கிளாஸ்கள் மேஜைக்கு இறங்கின. அந்தத் தையல் அங்கே எல்லாருக்கும் தெரியும். கம்பெனி ஒருமுறை முழுகப் பார்த்தபோது தீனதயாளன் பழனிக்கு வேண்டிக்கொண்டது அது. அன்று முதல், எந்த நாட்டு ஆர்டராக இருந்தாலும், யூனிட்டை விட்டுப் போகும் ஒவ்வொரு பீஸிலும் முருகனுக்காக ஒரு மயில் பச்சை நூல். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் ஆட்சேபித்தபோது, "அது எங்க குவாலிட்டி மார்க்குங்க" என்று சாதித்தவர். அந்தச் சாம்பல் டி-ஷர்ட், துபாய் பையர் மூலமாக 'நிறுவனச் சீருடை' என்று வந்த ஆர்டர். ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்று நினைத்திருந்தார். எந்த நிறுவனம் என்று கேட்பது நாகரிகம் இல்லை என்பதால் கேட்கவில்லை.

"முருகா," என்றார் தீனதயாளன்.

அன்று சாயந்திரமே ரோஸ்மேரி முதலாளி கேபினுக்கு வந்தாள். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வினிதா கம்ப்யூட்டரில் மெயில் அடித்துக்கொண்டிருந்தாள். ரோஸ்மேரி உட்காரவில்லை.

"சார், அதே சாம்பல் கலரு மீதி லாட்டு இப்ப பேக்கிங்ல கெடக்கு. நாந்தான் செக் பண்ணேன். அதுவும் அங்கதான சார் போவுது?"

"அதெப்படிம்மா சொல்ல முடியும்? துபாய்க்குத்தான் பில்லு."

"துபாய்க்காரர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். எங்க புள்ளையள விட்டாத்தான் சரக்குன்னு. விடாட்டியும், ஒரு போனாச்சும் பேச விடச் சொல்லுங்க. சரக்குக்குக் காத்துக்கெடக்காவல்ல, கேப்பாவ சார்."

தீனதயாளன் ஆழ்ந்து யோசித்தார். அந்த மணல் திட்டு விவகாரத்தில் தில்லியிடமோ ஐ.நா. சபையிடமோ இல்லாத ஒரு பிடி, அட்டைப் பெட்டிகளில் டேப் ஒட்டி, தம் மாடிப்படிக்கு அடியில் அடுக்கிக் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் தடுமாறியிருப்பார்கள்.

"ரோஸ்மேரி, உன்ற வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா அரசியலையும் வியாபாரத்தையும் போட்டுக் கொழப்பக் கூடாது பாத்துக்க. அப்பறம் ஷிப்மென்ட் தேதின்னு ஒண்ணு இருக்குது."

"அப்ப மேடையில நீங்க பேசுனது சார்?"

"அது அரசியல்."

மறுநாள் பேரவையின் அவசரக் கூட்டம் கூடியது. வெளியில் விஷயம் கசிந்து, தலைவரே எதிரிக்குத் துணி தைத்துக் கொடுத்திருக்கிறார் என்று சில விஷமிகள் பேசுவதாகச் சென்னிமலை வருத்தத்தோடு அறிவித்தார். ஆறுதல் சொல்லவென்று ரோஸ்மேரியையும் ஓர் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள்.

"நாம புறக்கணிச்சது என்னங்க?" என்று தீனதயாளனே கேட்டார். "மினிட்ஸைப் படியுங்க."

"'வாங்குவதில்லை'ன்னு இருக்குதுங்க."

"விக்கறதில்லைன்னு எங்கியாச்சும் இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்பறம்? நல்லா யோசனை பண்ணிப் பாருங்க. அந்த ஜெயிலைச் சுத்திக் கரண்ட் கம்பி வேலி. நம்ம ராணுவத்தாலயே உள்ள நொழைய முடியல. ஆறெழுத்து நிட்ஸ் நொழஞ்சிருக்குதா இல்லீங்களா? முருகனோட நூலு உள்ள போயிருக்குதா இல்லீங்களா? அதுவும் ஆறு பேரு. ஆறுமுகம்!"

சென்னிமலைக்கு மயிர்க்கூச்செறிந்தது. "ஊடுருவலுங்க!" என்று கத்தினார். 'எதிரி நாட்டுச் சிறைக்குள் பின்னலாடை வழி ஊடுருவல் நிகழ்த்திய தலைவருக்குப் பாராட்டு' என்று தீர்மானம் நிறைவேறியது. ஊடுருவலை மேலும் தீவிரப்படுத்துவது என்றும் முடிவெடுத்தார்கள்.

ஓரத்திலிருந்து ரோஸ்மேரி எழுந்தாள்.

"உள்ள போன பனியன் வெளிய வாரப்ப எந்தம்பியையும் கூட்டிட்டு வருமா சார்?"

"உணர்ச்சிவசப்படாதம்மா," என்றார் சென்னிமலை. "இது ராஜதந்திரம்."

மீதி லாட் குறித்த தேதியில் கிளம்பியது. கண்டெய்னருக்குச் சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பேரவை உறுப்பினர்கள் தேசியக் கொடி அசைத்தார்கள். லாரி தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கிப் போயிற்று. தன் ஊர் வழியாகத்தான் போகும் என்று ரோஸ்மேரி பக்கத்து டேபிள்காரியிடம் சொன்னாள். அது போன பிறகு வெகு நேரம் வாசலிலேயே நின்றதால் அவள் ப்ரொடக்‌ஷன் குறைந்தது. தேசத்தை முன்னிட்டுத் தீனதயாளன் அதை மன்னித்தார்.

'மிக ஆழ்ந்த கவலை'யிலேயே இரண்டு நாடுகளும் தங்கிவிட்டன. அதற்கு மேல் சொல் இல்லை. டிவிகள் வேறு விஷயத்துக்குப் போயின. சென்னிமலை மைக் செட்டைக் கோயில் விசேஷத்துக்கு வாடகைக்கு விட்டார். தேங்காய் பிஸ்கட் ஒருவிதமாக மேஜைக்குத் திரும்பியது. அப்படி ஒரு மந்தமான பகல் பொழுதில்தான் துபாயிலிருந்து மெயில் வந்தது.

வினிதா அதை இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "சார், சாம்பல் கலர் ரிப்பீட் ஆர்டர் சார். போன தடவையப் போலப் பத்து மடங்கு."

"முருகா! குவாலிட்டி சார் குவாலிட்டி!" என்று தம்மையே 'சார்' போட்டு அழைத்துக்கொண்டார் தீனதயாளன்.

"ஒரு கமென்ட் இருக்கு சார். போட்டவங்களுக்கு எல்லாம் லூசா இருந்துச்சாம். இந்த லாட்டை..." வினிதா நிறுத்தினாள். "இந்த லாட்டை இந்தியன் உடம்புக்குத் தகுந்த அளவுல வேணும்னு கேக்கறாங்க சார்."

"குடுத்துட்டாப் போச்சு."

"சார், அங்க நம்ம ஆளுங்க ஆறு பேருதான் சார். இத்தனை எதுக்கு சார்?"

தீனதயாளன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் நுணுக்கம் புரிவதில்லை. "அது அவங்க பிளானிங் கண்ணு. அடுத்த சீசனுக்கு இப்பவே யோசனை பண்ற பையர் கெடைக்கறது எத்தனை அபூர்வம் தெரியுமா? சேம்பிள் போடோணும். அளவுக்கு ஆள் வேணுமே... அந்த ரோஸ்மேரியைக் கூப்புடு."

ரோஸ்மேரி ஓடி வந்தாள். கையில் நூல் வெட்டும் கத்தரி அப்படியே இருந்தது. தம்பி பிடிபட்ட நாளிலிருந்து முதலாளி அவளைத் தாமாகக் கேபினுக்குக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"வா கண்ணு," என்றார் தீனதயாளன். அவர் குரல் அத்தனை கனிவாக இருந்தது. "உந்தம்பிக்கு என்ன சைஸு?"

அவள் முகம் மலர்ந்ததைத் தீனதயாளன் கவனித்தார். "விட்டுட்டாவளா சார்? துணி எடுத்துட்டுப் போவணுமா?"

வினிதா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அதெல்லாம் கவர்மென்ட் பாத்துக்கும். நீ சைஸ் மட்டும் சொல்லு."

ரோஸ்மேரி அவரைப் பார்த்தாள், வினிதாவைப் பார்த்தாள். பிறகு, மேஜை மேல் கிடந்த சாம்பல் நிறத் துணித் துண்டைப் பார்த்தாள். கத்தரியை மடக்கி மடியில் செருகிக்கொண்டாள்.

"புடிச்சிட்டுப் போறப்ப லார்ஜு சார்," என்றாள். "இப்பத் தெரியாது."

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். தீனதயாளன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி யோசித்தார். தில்லியில் இருப்பவர்கள் எவரும் இந்தப் பிரச்சினையை இவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டார்கள். கண்ணைத் திறந்தபோது அவருக்கு எல்லாம் தெளிவாகியிருந்தது.

"மீடியம்னு போட்டுக்க கண்ணு," என்றார் வினிதாவிடம். "போகப் போக ஸ்மால் வேண்டி வரும். அதுக்கும் இப்பவே ஒரு ரேட் சொல்லிரு."