உட்கார்ந்திருக்கும் புனிதர்

தலைகீழாகவும் ஒருமுறை பார்த்துவிட்டு, அமலநாதன் படத்தை மறுபடி நேராக்கினார். நாற்காலி தெரிந்தது. அதில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அதற்குமேல் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு கண் நெற்றியில் இருந்தது, இன்னொன்று காதருகே. மோவாயிலிருந்து கறுப்பாக ஏதோ தொங்கியது.

பாரீசில் ஓவியம் படித்துவிட்டு, போன மாதம் கப்பலில் திரும்பிய பிரான்சுவா, பெண் பார்க்க வருமுன் தன் கையால் வரைந்து முத்தியால்பேட்டைக்கு அனுப்பிய படம் அது. அதைப் பற்றிப் பெண் வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுத்தான் அவன் தாயார் புஷ்பமேரி சம்மதம் சொல்வாராம். நாலு மணிக்கு வருகிறார்கள்.

"ஏடாகூடமா பேசி இந்த எடத்தக் கெடுத்துடாதப்பா," என்றாள் மகள் லூர்துசெல்வி. இரண்டு ஞாயிறு பூசையில் பார்த்ததிலேயே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது. "நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லு, போதும்."

"என்னா நல்லா இருக்குன்னு கேட்டா?"

படத்தின் பின்புறம் பிரெஞ்சில் இரண்டே சொற்கள். பிரான்சுவா, அதன் கீழே, அசீஸ். அமலநாதனின் பிரெஞ்சு முழுக்கக் கோயிலில் காதால் கேட்டது. அசிசி நகரத்துக்குப் பிரெஞ்சில் அசீஸ் என்றுதான் பெயர். அப்படியானால் இது அசிசி நகரத்துப் புனிதர் பிரான்சிஸ். பிள்ளை தன் பெயர்கொண்ட புனிதரையே வரைந்திருக்கிறான். தொங்குவது தாடி. சிவப்புத் திட்டுகள் அவர் உடம்பில் பதிந்த இயேசுவின் ஐந்து காயங்கள்.

படம் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஏறியது. மாலை விழுந்தது, மெழுகுவர்த்தி எரிந்தது. சல்லடை இரவல் கேட்டு வந்த அடுத்த வீட்டு ஆரோக்கியம் முழந்தாளிட்டு, மூட்டுவலிக்கு வேண்டிக்கொண்டு போனாள்.

நாலு மணிக்கு வந்தார்கள். புஷ்பமேரி உள்ளே போய் உட்கார்ந்தார். பிரான்சுவா மாலையைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அமலநாதன் தாடியில் தொடங்கி, தவத்தில் ஒட்டிப்போன வயிறு வரை விளக்கினார்.

"மாமா," என்றான் அவன் மெதுவாக. "மேல இருக்கறது என் கையெழுத்து. அசீஸ்னா உக்காந்திருக்கறவ. இது பொம்பள."

அமலநாதன் சமாளித்தார். பொம்பளைதான், யார் இல்லையென்றது. பஞ்சத்தில் அடிபட்டவள். கோயில் வாசலில் கையேந்தி உட்கார்ந்திருப்பாளே, அந்த மாதிரி. ஒரு பக்கம் வாதம் வேறு இழுத்துக்கொண்டிருக்கிறது, பாவம்.

லூர்துசெல்வி காபித் தட்டோடு கதவருகே வந்து நின்றாள்.

"அது எங்கம்மா," என்றான் பிரான்சுவா.

உயிரோடிருப்பவர் படத்திலிருந்து மாலையை எப்படிக் கழற்றுவது என்று அமலநாதனுக்குத் தெரியவில்லை. பாதி கழற்றி, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

புஷ்பமேரி எழுந்து வந்து படத்தைப் பார்த்தார். அமலநாதனையும் பார்த்தார். பிறகு லூர்துசெல்வியின் தட்டிலிருந்து காபியை எடுத்துக்கொண்டு, நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார்.

"மூணு வீட்ட வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன் அண்ணே. அத்தினி பேரும் படத்தப் பாத்த ஒடனே, 'அப்படியே நீங்கதான்'னாங்க."