ஏணைக்குள் ஒரு பட்டதாரி

நகைக்கும் வீட்டுக்கும் பொறாமைப்படுகிறவர்களைப் பற்றி எனக்குக் குறையில்லை. அதில் ஒரு தரம் இருக்கிறது. நான் பொறாமைப்பட்டது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பகல் நித்திரைக்கு. அதுவும் ஒருநாள் இரண்டுநாள் அல்ல, மாதக்கணக்காக, வயிறெரிந்து.

அப்போது மகள் மகிழினிக்கு இரண்டரை வயது. கல்லடியில் வாடகை வீடு. மண்டூரில் வயல் செய்யும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்து, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகம் வரைக்கும் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். (சந்தித்த ஐந்து நிமிடத்துக்குள் இதை எல்லோருக்கும் சொல்லிவிடுவேன். உங்களுக்கும் சொல்லியாயிற்று.) அரசாங்க உத்தியோகத்துக்கான போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தேன். அடுத்த முறைக்கு வயது கடந்துவிடும், இதுதான் கடைசி. படிக்க எனக்கு இருந்த ஒரே நேரம் மகிழினி பகலில் தூங்கும் இரண்டு மணித்தியாலம். சரியாக அந்த மாதம் பார்த்து அவள் பகல் நித்திரையை ராஜினாமா செய்தாள்.

படித்தவள் அல்லவா நான்? போனில் நாலு கட்டுரை வாசித்து, ஒரு நேரசூசி கீறிச் சுவரில் ஒட்டினேன். பன்னிரண்டரைக்குச் சோறு. ஒன்றுக்கு யன்னல் சீலை மூடுவது. ஒன்றேகாலுக்கு நித்திரை. வராவிட்டால் ஒரு மணித்தியாலம் ‘அமைதி நேரம்’. விரலை உதட்டில் வைத்து ‘உஷ்’ என்பதே அதன் ஒரே சட்டம். மகிழினிக்கு நேரசூசி மிகவும் பிடித்துவிட்டது. அதன் ஒரு மூலையைத் தின்றுவிட்டாள்.

பக்கத்து வீட்டுச் சசியின் மகன் கவினுக்கும் அதே வயதுதான். ஒரு மணிக்கு முன்பே நித்திரையாவான், மூன்றுக்குத்தான் எழும்புவான். சசி ஓ.எல். பரீட்சை எழுதியதோடு புத்தகத்தை மூடியவள். கிடைத்த அந்த இரண்டு மணித்தியாலத்தை என்ன செய்தாள் தெரியுமா? டிவியில் நாடகம் பார்த்தாள்! நான் பசியோடு நிற்க, என் கண்முன்னே சோற்றை அள்ளிக் கோழிக்குப் போடுவதுபோல இருந்தது.

“என்னகா கம்பஸ் புள்ள, உன்ட மகள் இன்னும் கொட்டக் கொட்ட முழிச்சிட்டா இரிக்காள்?” என்று வேலிக்கு மேலால் கேட்பாள்.

“அவளுக்கு இப்ப அமைதி நேரம்,” என்பேன் நான், உள்ளே சட்டிகள் உருளும் சத்தத்தையும் மீறி.

ஒருநாள் பொறுக்க முடியாமல் தகர வேலியின் ஓட்டையால் எட்டிப் பார்த்தேன். (பட்டம் வாங்கியவர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.) கவின் ஏணையில் கிடந்தான்! கூரை வளையில் பழைய சாறியைக் கட்டித் தொங்கவிட்டு, ஒற்றைக் காலால் அதை ஆட்டியபடி சசி நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். மகிழினிக்கு ஆறு மாதமானபோதே ‘இதெல்லாம் பழைய பழக்கம்’ என்று இதே சசிக்குப் பாடம் எடுத்துவிட்டு ஏணையை அவிழ்த்து எறிந்தவள் நான். இப்போது போய் யோசனை கேட்கவா முடியும்?

அடுத்தநாள் கணவர் வேலைக்குப் போனபிறகு யன்னலெல்லாம் சாத்திவிட்டு, களவு செய்பவளைப்போல ஏணை கட்டினேன். பருத்திச் சாறிகள் எல்லாம் வெளியே கொடியில். எடுக்கப் போனால் சசி காண்பாள். அலுமாரியில் மிஞ்சியிருந்தது பட்டமளிப்புக்குக் கட்டிய சாறி. அதையே இரண்டாக மடித்து, நெல்மூட்டை கட்ட அப்பா போடும் முடிச்சைப் போட்டேன். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது.

மகிழினி ஏணையைச் சுற்றி வந்து சந்தேகமாகப் பார்த்தாள்.

“அம்மா ஏறு.”

“அம்மா பெரிய ஆள், மகள். இது சின்னாக்களுக்கு.”

“அம்மா ஏறு!”

ஒரு நிமிடம் ஏறிக் காட்டினால் தானும் ஏறுவாள் என்று கணக்குப் போட்டேன். ஏறினேன். அவள் தன் இரண்டு கையாலும் தள்ளினாள். அந்த ஆட்டத்தை என்னவென்று சொல்ல! இரண்டரை வருடமாக நான்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் ஆட்டவில்லை. கண்ணை மூடியது மட்டும்தான் நினைவிருக்கிறது.

திறந்தபோது வாசலில் தபால்காரர். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் இல்லாமல் சசியையும் அழைத்து வந்திருந்தார். கதவைத் திறந்துவிட்டவள் மகிழினி. (அந்தத் திறமை அவளிடம் இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.) இருவருக்கும் முன்னால் உதட்டில் விரலோடு நின்றாள்.

“உஷ்! அம்மா நித்திர.”

“பதிவுத்தபால் தங்கச்சி,” என்றார் அவரும் பயந்துபோய், ரகசியக் குரலில். “ஒரு கையொப்பம் வேணும். மெல்ல எழும்புங்க, அவசரமில்ல.”

நான் அவசரப்பட்டேன். ஏணை கவிழ்ந்தது. ஒரு கால் நிலத்தில், மற்றது சாறிக்குள். அப்பாவின் முடிச்சு அசையவில்லை. ஒற்றைக் காலில் தத்தியபடியே, என் பரீட்சை அனுமதி அட்டை வந்த உறைக்குக் கையொப்பம் இட்டேன்.

சசி சிரிக்கவில்லை. ஏணையைப் பார்த்தாள், மகிழினியைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

“எனக்கு இப்பிடி ஆட்டிவிட ஒரு புள்ள இல்லையேகா. என்டவன் பகல் முழுக்கக் கிடந்திட்டு ராவு பன்னிரண்டு மட்டும் குதிக்கான். எட்டு மணிக்கே உங்கட லைட் நூர்றதப் பாத்தா எனக்கு வயிறெரியும்.”

சசி என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள்! மாதக்கணக்காக நான் ஏங்கிய தருணம். நிமிர்ந்து நின்று அனுபவித்திருப்பேன், கால் மட்டும் சாறிக்குள் இல்லாதிருந்தால். அதன்பிறகுதான் அவள் சிரிக்கத் தொடங்கினாள். தபால்காரர் அடுத்த ஒழுங்கைக்குப் போனபிறகும் அவருக்குக் கேட்டிருக்கும்.

மகிழினி பிறகு ஒருநாளும் பகலில் நித்திரை கொள்ளவில்லை. ஆனால் முடிச்சு அவிழாததால் ஏணை அங்கேயே தொங்கியது. ஒரு மணியானால் தன் துணிப் பொம்மையை அதில் கிடத்தி ஆட்டத் தொடங்குவாள்; நான் இருமினால்கூட ‘உஷ்’ என்பாள். முழுதாக ஒரு மணித்தியாலம். பக்கத்தில் பாயில் இருந்து படித்தே பரீட்சையில் தேறினேன்.

இன்று அரசாங்கக் கந்தோரில் என்னை ‘மேடம்’ என்கிறார்கள். ஏணைக் கதை மண்டூர் வரைக்கும் போய்விட்டதால், ஊரிலிருந்து அப்பா போன் எடுத்தால் மட்டும் முதல் கேள்வி, “என்ன மகள், எழும்பிட்டியா, இன்னும் ஆட்டணுமா?”

தபால்காரரும் மாறவில்லை. நான் லீவில் நிற்கும் நாட்களில் எங்கள் கேற்றடியில் மணி அடிக்கமாட்டார். சைக்கிளை மெல்லச் சாய்த்துவிட்டு, சசியின் வேலிக்குப் போய் அதே ரகசியக் குரலில் கேட்பார்:

“அங்கால ஆள் எழும்பிட்டாவா?”