கவர்னர் ஓநாய்த் துரையின் இளகிய மனசு

ஒரு காட்டில், கடல் தாண்டி வந்து ராஜாவாகிவிட்ட சிங்கம், தனக்குப் பிடிக்காதவர்களை ஆற்றுக்கு நடுவே இருந்த தீவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அணில் குஞ்சம்மாள் அங்கே வந்தது, ராஜா தூங்கும்போது சத்தமாகக் கொட்டை கடித்த குற்றத்துக்காக.

தீவின் கவர்னர் ஓநாய்த் துரை. இருமினால் சவுக்கடி. நிழலில் நின்றால் பட்டினி. இப்போது துரைக்கு மீசை சீவ ஒரு தூரிகை வேண்டுமாம். மறுநாள் குஞ்சம்மாளின் வாலை வெட்டுவதாக உத்தரவு.

அன்று ராஜாவின் ஆய்வாளர் கொக்கு தீவைப் பார்வையிட வந்தது.

"வாலைக் காட்டி அழுதுடு, பிள்ளே," என்றது கல் உடைத்துக்கொண்டிருந்த எருமை.

"போன வருஷம் நீங்க முதுகைக் காட்டி அழுதீங்களே அண்ணே, என்ன கிடைச்சுது?"

"துரைக்குப் பதக்கம் கிடைச்சுது."

குஞ்சம்மாள் யோசித்தது. இந்த ராஜாங்கத்தில் கைதிகள் அழுதால் கவர்னர் ஒழுங்காக வேலை செய்கிறார் என்று அர்த்தம். வாலைச் சுருட்டிக்கொண்டு கொக்கின் முன்னால் போய் நின்றது.

"குறை ஏதாவது உண்டா?" என்றது கொக்கு.

"குறையா? எங்க துரை தங்கமானவருங்க! மத்தியானம் எங்களைத் தூங்க வெச்சு விசிறி விடுவாரு."

"பொய்!" என்று ஓநாய் கத்தியது. "இவளை நேற்றுகூட அடித்தேன்!"

"அடிச்சிட்டு அவரே அழுதாருங்க."

"தாலாட்டும் பாடுவாரு," என்றது எருமை, பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு.

அதிர்ச்சியில் கொக்கு, ஊன்றி நின்ற ஒற்றைக் காலையும் மடித்துவிடப் பார்த்தது. "தாலாட்டா? சிறைத் தீவிலா?" ஓநாயின் பதக்கத்தை அங்கேயே பிடுங்கியது. சாயங்காலப் படகில் துரையை ஏற்றியாகிவிட்டது. வால் தப்பியது.

அடுத்த வாரம் புதுக் கவர்னராகக் கரடி வந்து இறங்கியது. கையில் புதுச் சவுக்கு. கைதிகள் எல்லாரும் கரையில் வரிசையாக நின்று, "எங்கள் அன்புள்ள துரை வாழ்க!" என்று கோஷம் போட்டார்கள்.

கரடிக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ, மெதுவா! கொக்கு காதில் விழுந்தால் என் வேலை போய்விடும். உங்களுக்கு என்னதான் வேணும்?"

"நிழல், மத்தியானத் தூக்கம், கடிக்கக் கொட்டை," என்றது குஞ்சம்மாள்.

எல்லாம் கிடைத்தது. நன்றி மறவாத கைதிகள் ஒவ்வொரு ஆய்விலும் கரடியின் கொடுமையைச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பதக்கங்களின் கனத்தில் கரடிக்கு முதுகு வளைந்துவிட்டது.

நீதி: நல்ல அதிகாரி ஒருவர் வாய்த்துவிட்டால், அவரைப் பற்றித் தவறாமல் புகார் கொடுத்து வாருங்கள்.