சம்பளம் கேட்கப் போன தொண்டை

எனக்கு நன்றாகப் பேச வரும் என்று என்னிடம் யாரும் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னவள் மேரி. ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியில் என் பக்கத்து மேஜைக்காரி. அங்கே எங்களுக்கு மணிக்கணக்கில்தான் சம்பளம். காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு ஒன்றும் கிடையாது. அதனால் இருமிக்கொண்டே பேண்டேஜ் சுற்றுவோம். (வாங்கிக் கட்டியவர்கள் மன்னிக்க வேண்டும்.)

உடம்பு முடியாத நாளுக்கும் சம்பளம் வேண்டும் என்று ஒருநாள் எல்லாரும் போய் நின்றோம். "கூட்டமாப் பேசினா எனக்கு வெளங்காது. திங்கக்கெழம ஒரு ஆள் மட்டும் வந்து சொல்லுங்க" என்றார் முதலாளி.

"நீயே பேசு ஜெயா. ஒனக்குத்தான் வாயி" என்றாள் மேரி.

அன்றிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக் குக்கரைப் பார்த்து முழங்கினேன். மொட்டை மாடியில் துணி காயப்போட்டபடி முழங்கினேன். ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர், "ஏட்டி, எலெக்சன்ல நிக்கியா?" என்று கேட்டார். குரலை இன்னும் உயர்த்தினேன்.

திங்கள் காலை எழுந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

விடுவேனா? பஸ் ஏறிவிட்டேன். "நீ சைகை காட்டு, நான் எடுத்துச் சொல்லுதேன்" என்று மேரி கூடவே வந்தாள்.

முதலாளி அறை வாசல் முழுக்க எங்கள் ஆட்கள். நெற்றியில் கைவைத்து நடுங்கிக் காட்டினேன். காய்ச்சல் என்று அர்த்தம்.

"அவளுக்குக் குளுருதாம், மொதலாளி" என்றாள் மேரி.

அவர் ஃபேனை நிறுத்தினார்.

வயிற்றைத் தட்டி, வெறுங்கையை விரித்தேன். சம்பளம் இல்லாவிட்டால் சாப்பாடு ஏது என்பது என் கேள்வி.

"காலையில சாப்பிடலையாம்."

டீயும் வடையும் வந்தன. (நல்ல சூடு. தின்றேன்.)

வேறு வழியில்லாமல், காய்ச்சலோடு வேலை பார்ப்பதை முழுதாக நடித்தே காட்டினேன். இல்லாத பேண்டேஜைச் சுற்றினேன், இருமினேன், தள்ளாடி அவர் மேஜைமேல் சாய்ந்தேன். நடிப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. முதலாளி பதறி எழுந்துவிட்டார்.

"இந்தப் பிள்ளைக்கு ரொம்ப முடியல, வண்டிய எடுங்கப்பா. ஏம்மா, ஆஸ்பத்திரியில காட்டிட்டு ரெண்டு நாள் வீட்ல இரு."

இரண்டு பேர் என்னைத் தாங்கி வாசலுக்குக் கொண்டுபோனார்கள். எல்லாம் பாழாய்ப் போயிற்று என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் தொண்டையிலிருந்து, தவளைக் குரலில், அன்றைய ஒரே சொல் வெளியே வந்தது.

"சம்பளத்தோடயா?"

முதலாளி என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற அத்தனை பேரையும் பார்த்தார்.

"சம்பளத்தோடதான்" என்றார்.

"எல்லாருக்குந்தான, மொதலாளி?" என்றாள் மேரி. சைகையைத்தான் கோட்டைவிட்டாள், இதை விடவில்லை.

அவர் மீதி வடைத் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். "டாக்டர் சீட்டு கொண்டாரணும், சொல்லிட்டேன்." வாசலில் விசில் பறந்தது. என்னைத் தாங்கியிருந்த இருவரும் கைதட்டப் போனதில் நான் நிஜமாகவே கீழே விழுந்தேன்.

இப்போதும் வீட்டில் நான் தலைவலி என்று படுத்தால், என் மகள் தவளைக் குரலில் அவள் அப்பாவைப் பார்த்து, "சம்பளத்தோடயா?" என்று கேட்பாள். அவர் உலை வைக்கப் போய்விடுவார்.